மஞ்சள் தோட்டத்து மருந்தும் மரபணுவும்: 600 பேரை வைத்துச் சர்க்கரை நோய் ஆய்வு செய்ய முடியுமா?

#1 கோபி_உயிரியல்

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டத்தில் நெல்லும் மஞ்சளும் விளையும் ஊர்களை வைத்து ஒரு ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பூச்சிமருந்தால் சர்க்கரை நோய் கூடுகிறதா, கூடினால் எல்லாருக்கும் ஒரே மாதிரியா, சில மரபணு உள்ளவர்களுக்கு மட்டுமா என்பதுதான் கேள்வி.

இப்போதைய வரைவு இது. நோயாளிகள் 300, நோயில்லாதவர் 300. எல்லாருக்கும் இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) உள்ள குழாயில் 4 மி.லி. ரத்தம். சில பூச்சிமருந்துகளை உடைக்கும் நொதியைத் தரும் பான்-1 மரபணுவின் 192ஆம் இடம் பார்ப்பது, அதே ரத்தத்தில் பான்-1 நொதியின் வேகம், பூச்சிமருந்து பட்டால் அடங்கும் பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் நொதி. கேள்வித்தாளில் "கடந்த 10 வருடத்தில் மருந்தடித்திருக்கிறீர்களா, ஆம் / இல்லை". எண்ணிக்கை போதுமா? இன்னும் பத்து மரபணு சேர்த்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

#2 புள்ளிக்கணக்கு

அம்மணி, எண்ணிக்கை போதாது. எவ்வளவு போதாது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

மருந்தடிப்பவர் பாதி, அடிக்காதவர் பாதி, மரபணுவிலும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடத் தோதான நிலை கிடையாது. இரண்டு குழுக்களின் சராசரிக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தின் திட்டப்பிழை (மாதிரிக்கு மாதிரி அது ஆடும் அளவு) 2σ/√N. σ ஆளுக்கு ஆள் உள்ள சிதறல், N மொத்த ஆட்கள். இடைவினை, அதாவது மருந்தின் விளைவு மரபணு வகைக்கு ஏற்ப மாறுவது, வித்தியாசத்துக்குள் வித்தியாசம். அதன் திட்டப்பிழை 4σ/√N. அதனால் அதே அளவுள்ள விளைவைப் பிடிக்க 4 மடங்கு ஆட்கள் வேண்டும். இடைவினை தனி விளைவில் பாதி அளவுதான் என்றால் 16 மடங்கு. நோய் உண்டு / இல்லை என்று இரண்டாகப் பிரித்தால் இன்னும் மோசம்.

மரபணுவைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. 2003இல் செரட்டோனின் கடத்தி மரபணுவும் வாழ்க்கை நெருக்கடியும் சேர்ந்தால் மனச்சோர்வு வருகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. அதைப் பின்பற்றி எத்தனையோ சின்னச் சின்ன ஆய்வுகள் வந்தன. 2019இல் மிகப்பெரிய தரவுகளை வைத்து அந்த வகையில் பேர்போன 18 மரபணுக்களைச் சோதித்தபோது ஒன்றும் நிற்கவில்லை. மறுபக்கம், எஃப்.டி.ஓ. மரபணுவால் வரும் உடற்பருமன் உடலுழைப்பு உள்ளவர்களிடம் சுமார் 27 சதவீதம் குறைகிறது என்ற 2011 முடிவு நின்றது. அதற்குச் சேர்த்த ஆட்கள் 2,18,166 பேர்.

உங்களால் இரண்டு லட்சம் பேரைச் சேர்க்க முடியாது, சேர்க்கவும் வேண்டாம். ஆனால் வெளிப்பாட்டை, அதாவது யார் மேல் எந்த மருந்து எவ்வளவு பட்டது என்பதை, எப்படி அளக்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் அளவுக்கும் உண்மைக்கும் உள்ள ஒட்டுறவு 0.4 என்றால் தேவையான ஆட்கள் 1/0.16, அதாவது ஆறேகால் மடங்கு. அதை 0.8க்கு ஏற்றினால் ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அளவையைத் திருத்துவது ஆளை 4 மடங்காக்குவதற்குச் சமம். "ஆம் / இல்லை" கேள்வி 0.4ஐக்கூடத் தொடாது என்பது என் கருத்து.

#3 பச்சைமூடி

புள்ளிக்கணக்கு சார் சொன்னதற்கு முன்னாலேயே ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கிறது. இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த ரத்தத்தில் பான்-1 நொதியின் வேகத்தை அளக்கவே முடியாது. அந்த நொதி கால்சியம் இல்லாமல் நிற்காது. இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், நொதி செத்துவிடும். பிறகு கால்சியம் சேர்த்தாலும் பழைய வேகம் திரும்பாது. 600 பேருக்கும் சுழியத்தை ஒட்டிய எண்கள் வரும், "நம்ம ஊர்க்காரங்களுக்கு பான்-1 குறைவு" என்று யாராவது எழுதியும் விடுவார்கள்.

குழாய்களை இப்படிப் பிரியுங்கள்:

சீரத்துக்கோ ஹெப்பாரினுக்கோ ஒன்று: பான்-1 வேகத்துக்கு.
ஊதா மூடி இ.டி.டி.ஏ.: டி.என்.ஏ.வுக்கும் சிவப்பணு கோலினெஸ்டரேஸுக்கும்.
சாம்பல் மூடி ஃபுளோரைடு: குளுக்கோஸுக்கு மட்டும். ஃபுளோரைடு கோலினெஸ்டரேஸை அடக்கும், அதனால் மிச்ச ரத்தம் இருக்கிறதே என்று இதிலிருந்து எடுக்காதீர்கள்.

எடுக்கும் வரிசையும் இதேதான்: சீரம், ஹெப்பாரின், இ.டி.டி.ஏ., ஃபுளோரைடு. இ.டி.டி.ஏ.வை முன்னால் எடுத்தால் ஊசி வழியாக ஒரு துளி அடுத்த குழாய்க்குப் போனால்கூட பான்-1 குறையும். ஹெப்பாரின் ரத்தத்தில் டி.என்.ஏ. எடுக்கவும் வேண்டாம், பி.சி.ஆர். தடைப்படும்.

இன்னொன்று. குத்தும் முன் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், பிறகுதான் ஸ்பிரிட். காலையில் மருந்தடித்துவிட்டு நேரே முகாமுக்கு வருபவரின் தோலில் உள்ள மருந்து துளி ரத்தத்தில் கலந்தால் கோலினெஸ்டரேஸ் குழாய்க்குள்ளேயே அடங்கிப்போகும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் கருவிகளில் இது அடிக்கடி நடக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் ஐஸ் பெட்டியில் ஐஸ் பொட்டலத்தின் மேலேயே குழாயை வைத்தால் ரத்தம் உறைந்து சிவப்பணு உடையும். நடுவில் ஒரு துணியாவது வேண்டும்.

#4 கோபி_உயிரியல்

இ.டி.டி.ஏ. விஷயம் பெரிய உதவிங்க. மரபணு வகை தெரிந்தால் நொதியின் வேகமும் தெரிந்துவிடாதா? இரண்டும் எதற்கு?

#5 பச்சைமூடி

தெரியாது. 192ஆம் இடம் ஒரே வகையாக உள்ளவர்களிடமே பிளாஸ்மாவில் பான்-1 அளவு 13 மடங்குக்கு மேல் வேறுபடும். அந்த இடம் நொதியின் குணத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. அளவை ஓரளவு தீர்மானிப்பது மரபணுவின் முன்பகுதியில் உள்ள −108ஆம் இடம், மீதி உணவு, வயது, நோய்.

குணமும் மருந்துக்கு மருந்து மாறும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் உடலுக்குள் மாறும் நச்சு வடிவங்களே ஆக்சான்கள். 192ஆம் இடத்தில் வரும் கியூ, ஆர் என்ற இரண்டு வகைகளில் ஆர் வகை பாராக்சானை வேகமாக உடைக்கும், குளோர்பைரிபாஸ் ஆக்சானையும் கொஞ்சம் வேகமாக உடைக்கும். டயசினான் ஆக்சானில் உடல்நிலைக்கு ஒத்த சூழலில் இரண்டு வகையும் ஏறக்குறைய சமம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பான்-1 நீக்கிய எலிகள் குளோர்பைரிபாஸ் ஆக்சானுக்கும் டயசினான் ஆக்சானுக்கும் எளிதில் பலியாகும், பாராக்சானுக்கு அப்படி இல்லை. ஏனென்றால் பாராக்சானை உடலுக்குள் தடுக்கும் அளவு வேகம் அந்த நொதிக்குக் கிடையாது. ஆகவே "ஆர்கனோபாஸ்பேட் அடித்தார்" என்று எல்லா மருந்தையும் ஒரே கூடையில் போட்டால், இடைவினை உள்ள மருந்தும் இல்லாத மருந்தும் கலந்து இருந்ததும் கரைந்துபோகும். எந்த மருந்து என்று பெயரோடு வேண்டும்.

நோயாளிகளிடம் நொதியை அளப்பதிலும் ஆபத்து இருக்கிறது. சர்க்கரை நோய் வந்தபின் பான்-1 வேகம் குறைகிறது. பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் உடல் பருமனிலும் சர்க்கரையிலும் கூடுகிறது. நோயாளியையும் நோயில்லாதவரையும் பக்கத்தில் வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்டால் நோயின் விளைவையே நோயின் காரணம் என்று படிப்பீர்கள். மரபணு வகைக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை, நோய் வந்து அது மாறாது.

#6 மதகுக்கரை

வெளிப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேனுங்க.

கேள்வித்தாளை மருந்துக் கடை பில்லில் இருந்து ஆரம்பியுங்கள். பில் இல்லையென்றால் தோட்டத்துச் சாளையில் கிடக்கும் காலி டப்பாக்களைப் பாருங்கள், லேபிளைப் படம் எடுங்கள். பெயர் மறந்தவர்கூட முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று சொல்லிவிடுவார். பிறகு ஏக்கருக்கு எத்தனை டேங்க், டேங்க் 10 லிட்டரா 16 லிட்டரா, ஒரு டேங்குக்கு மூடியில் எத்தனை மூடி, கைத்தெளிப்பானா பவர் ஸ்பிரேயரா, டேங்க் ஒழுகுமா, நாசிலை வாயால் ஊதுவாரா, துணி மாற்றியது எப்போது. அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா விவசாயிகள் ஆய்வில் கலக்குதல், தெளித்தல், கருவியைப் பழுதுபார்த்தல் மூன்றையும் கூட்டிப் பாதுகாப்பு உடையால் பெருக்கும் ஒரு வாய்பாடு உண்டு. அந்த எண்களை அப்படியே எடுக்காதீர்கள், அது டிராக்டர் நாடு. முதுகில் டேங்க் சுமப்பவருக்கு ஒழுகலுக்குத் தனி மதிப்பெண் வேண்டும்.

"மருந்தடித்தீர்களா" என்று கேட்டால் பெண்கள் முழுக்க விடுபட்டுப் போவார்கள். மஞ்சள் நடவுக்கு முன் விதைக்கிழங்கை மருந்துக் கரைசலில் நனைத்து எடுக்கும் வேலையைப் பெரும்பாலும் அவர்கள்தான் வெறுங்கையால் செய்கிறார்கள். மருந்தடித்த துணியைத் துவைப்பதும் அவர்கள்தான்.

சிறுநீரில் டயல்கைல் பாஸ்பேட், அதாவது ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் சிதைவுப்பொருள், அளப்பது நல்லது, ஆனால் அது ஓரிரு நாளில் வெளியேறிவிடும். ஒரே மாதிரியை வைத்து ஒருவரின் வருடத்தை முடிவு செய்ய முடியாது. ஒரே ஆளின் மாதிரிகளுக்கிடையே ஒட்டுறவு 0.2 என்று வைத்துப் பாருங்கள்: 3 மாதிரியின் சராசரிக்கு நம்பகம் 0.43, 8 மாதிரிக்கு 0.67. சாப்பாட்டில் ஏற்கெனவே சிதைந்து கிடக்கும் பாஸ்பேட்டும் இந்தக் கணக்கில் வரும், அதனால் குளோர்பைரிபாஸுக்கென்று உள்ள டி.சி.பி. என்ற சிதைவுப்பொருளையும் சேர்த்து அளக்க வேண்டும். சிறுநீர் எவ்வளவு கெட்டி என்று காட்டும் கிரியாட்டினின் கட்டாயம். உச்சி வெயிலில் வேலை செய்பவரின் சிறுநீர் கெட்டியாக இருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. கீழ்பவானிப் பாசனத்தில் 2,07,000 ஏக்கரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 வாக்கில் நெல்லுக்குத் தண்ணீர், மறு பாதிக்கு ஜனவரிக்கு மேல் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்குத் தண்ணீர் என்று முறை வைத்து விடுகிறார்கள். அடுத்த வருடம் முறை மாறும். ஒற்றைப்படை மதகா இரட்டைப்படை மதகா என்பதுதான் இந்த வருடம் அவர் நெல்லுக்கு மருந்தடிப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஒருவருடைய மரபணுவைப் பார்த்து மதகு திறப்பதில்லை. இவ்வளவு நல்ல வாய்ப்பு கண்ணெதிரே வாய்க்காலில் ஓடும்போது, நோயாளியையும் நோயில்லாதவரையும் பொறுக்கி எடுத்து ஒப்பிடுவதில் ஏன் காசைக் கரைக்க வேண்டும்?

#7 சென்னசமுத்திரம்

மதகுக்கரை அண்ணா சொன்ன யோசனை அருமை. ஆனால் ஒரு திருத்தம். பிரதானக் கால்வாயில் ஒற்றைப்படை மதகுக்கு நீர் விடும்போது சென்னசமுத்திரம் பகிர்மானக் கால்வாயில் இரட்டைப்படை மதகுக்கு விடுவார்கள். அடுத்த முறை இரண்டும் தலைகீழ். மதகு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு எந்தக் கால்வாய் என்று குறிக்காவிட்டால் பாதிப் பேரின் வெளிப்பாடு நேரெதிராகப் பதிவாகும். அரசாணையில் அந்தந்தப் போகத்துக்கு எது என்று இருக்கும், அதைப் பார்த்து நிரப்புங்கள்.

கிணறு உள்ளவர்கள் முறை பார்க்காமல் மஞ்சளும் தென்னையும் வாழையும் வைத்திருப்பார்கள், அவர்களைத் தனியாகக் குறியுங்கள். கூலிக்கு மருந்தடிப்பவர் இந்த வாய்க்காலில் வேலை இல்லாதபோது அடுத்த மதகுப் பகுதிக்குப் போய் அடிப்பார், அவருக்கு இரண்டு போகமும் ஒன்றுதான். மதகு முறை சொந்தப் பண்ணையம் செய்பவருக்கே பொருந்தும். மழை பொய்த்து அணையில் நீர் குறைந்த வருடம் முறையே கலைந்துவிடும், அதற்கும் இடம் விட்டுத் திட்டம் எழுதுங்கள்.

#8 புள்ளிக்கணக்கு

இது கணக்கையே மாற்றுகிறது. ஒரே ஆளை நெல் போகத்தின் முடிவிலும், மருந்து இல்லாத போகத்தின் முடிவிலும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். அந்த வித்தியாசம் மரபணு வகைக்கு ஏற்ப மாறுகிறதா என்பதுதான் உங்கள் இடைவினை.

ஒருவரின் இரண்டு அளவுகளுக்கும் ஒட்டுறவு 0.7 என்றால் வித்தியாசத்தின் மாறுபாடு 2σ²(1−0.7) = 0.6σ². இடைவினையின் திட்டப்பிழை 1.55σ/√N. பழைய முறையில் அது 4σ/√N. இரண்டையும் வர்க்கப்படுத்தி வகுத்தால் 6.7. முன்பு 2,400 பேர் தேவைப்பட்ட இடத்தில் சுமார் 360 பேர் போதும், ஆளுக்கு இரண்டு தடவை அளந்தால்.

விலை என்னவென்றால், ஒரு போகத்துக்குள் ஏறி இறங்காத எதையும் இதில் பார்க்க முடியாது. "சர்க்கரை நோய் வந்ததா" என்பதை விட்டுவிடுங்கள். நோய் இன்னும் வராதவர்களை எடுத்து வெறும் வயிற்றுச் சர்க்கரை, 75 கிராம் குளுக்கோஸ் சோதனை, எச்.பி.ஏ.1சி பாருங்கள். எச்.பி.ஏ.1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி, ஒரு போகத்துக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் ரத்தசோகை உள்ளவரிடம் அது ஏமாற்றும், ஹீமோகுளோபினையும் இரண்டு தடவையும் அளக்க வேண்டும். குளுக்கோஸ் குழாயை அரைமணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரியுங்கள், இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஃபுளோரைடு இருந்தாலும் முதல் ஒரு மணி நேரம் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

பச்சரிசிச் சோறு, அறுவடை வேலை, பண்டிகை எல்லாமே போகத்தோடு மாறும். அதனால் ஒரே சமயத்தில் இரண்டு வகை மதகிலும் ஆட்களை அளக்க வேண்டும், அப்போதுதான் மாதத்தின் விளைவு தனியாகக் கழியும்.

#9 நாலுபாட்டன்

யாருமே சொந்தபந்தத்தைத் தொடவில்லை. கொங்கில் இதை விட்டுவிட்டு மரபணு ஆய்வு செய்ய முடியாது.

ஒரே கூட்டத்துக்குள் (குலத்துக்குள்) கல்யாணம் கிடையாது என்பதால் கூட்டத்தின் பெயரைக் கேட்டால் உறவு தெரிந்துவிடும் என்று நினைப்பார்கள். கூட்டம் தகப்பன் வழியை மட்டும்தான் காட்டும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று தலைமுறைகளாகக் கொண்டு கொடுத்த உறவு தாய் வழியில் மறைந்திருக்கும். அதனால் நாலு பாட்டன் பாட்டிக்கும் ஊர், கூட்டம் இரண்டையும் கேளுங்கள். தாய்மாமனைக் கட்டியவர்களின் குழந்தைக்கு உள்ளினக் கெழு (ஒரே மூதாதையின் மரபணுவை இரு பக்கமிருந்தும் பெறும் வாய்ப்பு) 1/8, மாமன் மகளைக் கட்டியவர்களின் குழந்தைக்கு 1/16.

இது தரக்கட்டுப்பாட்டில் எங்கே உதைக்கும் என்றால் ஹார்டி-வைன்பெர்க் சோதனையில், அதாவது மரபணு வகைகள் எதிர்பார்த்த விகிதத்தில் உள்ளனவா என்று பார்ப்பதில். உள்ளினக் கெழு சராசரி 0.03 என்றால், 0.4 அலைவெண் (மக்களிடம் அது காணப்படும் விகிதம்) உள்ள மாறுபாட்டுக்கு 2,000 பேரில் 960 கலப்பு வகைக்கு (இரண்டு பிரதியும் வேறு வேறாக உள்ளவர்) பதில் 931தான் இருக்கும். பல சமூகங்களைக் கலந்து வைத்தால் இன்னும் குறையும். p மதிப்புக்கு 0.05 என்ற வரம்பு வைத்து வடிகட்டினால் நல்ல மாறுபாடுகள் பறிபோகும். ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் தனித்தனியாகச் சோதித்து, 10இன் அடுக்கு −6க்குக் கீழே போனால் மட்டும் தூக்குங்கள்.

உறவினரை எல்லாம் நீக்கினால் ஊரே காலியாகிவிடும். நீக்காமல், உறவு அணியையும் (யாருக்கு யார் எவ்வளவு உறவு என்ற எண் அட்டவணை) வீட்டையும் தனித்தனி சமவாய்ப்பு விளைவாக (random effect) சேர்த்துக் கலப்பு மாதிரி (mixed model) போடுங்கள். ஒரே வீட்டில் மரபணுவும் ஒன்று, கிணறும் ஒன்று, மருந்து வைக்கும் அலமாரியும் ஒன்று.

பான்-1இன் 55ஆம் இடத்தையும் சேர்ப்பதென்றால் ஒரு எச்சரிக்கை. அங்கே எழுத்து மாற்றம் டி-யிலிருந்து ஏ. டி.என்.ஏ. இழையைத் திருப்பினாலும் அதே இரண்டு எழுத்துகள்தான் வரும். இரண்டு ஆய்வகத்துத் தரவை இணைக்கும்போது ஒன்று தலைகீழாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பொதுவாக 20 மாதிரியாவது ஓட்டிப் பாருங்கள்.

#10 காங்கயம்_கிணறு

நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்யும் முறை ஒன்று உண்டே, ஆள் குறைவாகப் போதும். அது ஆகாதா?

#11 புள்ளிக்கணக்கு

இங்கே ஆகாதுங்க. அந்த முறை நிற்பதே மரபணுவுக்கும் வெளிப்பாட்டுக்கும் பொதுமக்களிடம் தொடர்பே இல்லை என்ற ஒரே காலின் மேல். நம் ஊரில் யார் தோட்டக்காரர், யார் கூலிக்கு டேங்க் சுமப்பவர் என்பது சமூகத்தோடு பின்னியிருக்கிறது. அலைவெண்ணும் சமூகத்துக்குச் சமூகம் மாறும். இரண்டும் சேர்ந்தால் இல்லாத இடைவினை இருப்பதாகத் தெரியும். இன்னொரு காரணமும் இருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் தலைசுற்றி வாந்தி எடுப்பவர் ஒன்றிரண்டு வருடத்தில் அந்த வேலையையே விட்டுவிடுவார். மிச்சமிருந்து அடிப்பவர்கள் தாங்குகிற உடம்புக்காரர்கள். மரபணுவே வெளிப்பாட்டைத் தீர்மானிக்க ஆரம்பித்துவிடும். விட்டவர்களையும் தேடிப் பிடித்து, ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள்.

வயது, பால், சமூகக் கூறுகளை மாதிரியில் வெறுமனே சேர்த்தால் போதாது. ஒவ்வொன்றுக்கும் மரபணுவோடு ஒரு பெருக்கல், வெளிப்பாட்டோடு ஒரு பெருக்கல் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்ட கட்டுரைகள் ஏராளம்.

அளவுகோலையும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, இரண்டும் இல்லாதவருக்கு 1, மரபணு மட்டும் 1.5, மருந்து மட்டும் 2, இரண்டும் 3 என்று வந்தால், பெருக்கல் அளவில் 1.5 × 2 = 3, இடைவினை இல்லை. கூட்டல் அளவில் 3 − 1.5 − 2 + 1 = 0.5, இடைவினை உண்டு. யாரைக் காப்பாற்றினால் எத்தனை நோய் குறையும் என்ற கேள்விக்குக் கூட்டல் அளவே பொருந்தும்.

#12 கார்டிங்_பிரிவு

வேறொரு யோசனை. பஞ்சு மில்லில் வெளிப்பாட்டை அளப்பது இதைவிட எளிது. புளோரூம், கார்டிங், சிம்ப்ளெக்ஸ், கோன் வைண்டிங் என்று தூசி படிப்படியாக இறங்கும். வடிகட்டியில் படியும் பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினை அளக்கலாம், திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும் ஊதவைத்து நுரையீரல் அளவு எடுக்கலாம். ஷாங்காய் பஞ்சாலைத் தொழிலாளர்களை 1981 முதல் பல பத்தாண்டுகள் இப்படித் தொடர்ந்திருக்கிறார்கள். சர்க்கரைதான் வேண்டும் என்றால் உதவாது, இடைவினை கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் மில்தான் நல்ல இடம்.

#13 மயக்கமருந்து

கோலினெஸ்டரேஸ் அளக்கப் போகும் எல்லாரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வைசிய சமூகத்தில், பிளாஸ்மா கோலினெஸ்டரேஸைத் தரும் பி.சி.எச்.இ. மரபணுவின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வரும் மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். இரு பிரதியும் அப்படி உள்ளவருக்குப் பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் ஏறக்குறைய இருக்காது. வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தெரியாது. அறுவை அரங்கில் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் போட்டால் சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. மரபணுவும் சூழலும் சேர்ந்தால் மட்டுமே வரும் கேட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

உங்கள் ஆய்வில் அப்படி ஒருவர் வந்தால், ஒரே தடவை அளந்து பொது வரம்போடு ஒப்பிடும் முறையில் அவரைக் கடும் மருந்து நச்சு என்று எழுதிவிடுவீர்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் அவருடைய சொந்த அடிநிலை வேண்டும், குறைந்தது 30 நாள் மருந்து தொடாத காலத்தில் எடுத்தது. கலிபோர்னியா விதிகளில் அடிநிலையின் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை முறையைச் சோதிக்க வேண்டும். சிவப்பணு 70க்கோ பிளாஸ்மா 60க்கோ இறங்கினால் மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும். சிவப்பணு நொதி நாளுக்குச் சுமார் 1 சதவீதம்தான் மீளும், பிளாஸ்மா அதைவிடச் சீக்கிரம் ஏறும்.

#14 கோபி_உயிரியல்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றிங்க. திட்டத்தை மாற்றி எழுதுகிறேன்: சர்க்கரை வராத, சொந்தப் பண்ணையம் உள்ள 400 பேர், கால்வாய் பெயரோடு மதகு எண், இரண்டு போகம், போகத்துக்கு 4 சிறுநீர் மாதிரி, பான்-1 வகையும் வேகமும், சொந்த அடிநிலையோடு சிவப்பணு, பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் இரண்டும். கேள்வி ஒன்றே ஒன்று, மரபணு ஒன்றே ஒன்று. பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் மிகக் குறைவாக வருபவருக்கு முடிவைத் திருப்பிச் சொல்லலாமா, ஒப்புதல் படிவத்தில் அதை எப்படி எழுதுவது?

#15 மயக்கமருந்து

சொல்லியே ஆக வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறையைப் பார்த்து, "உடல்நலத்துக்கு உடனே பயன்படும் முடிவு கிடைத்தால் தெரிவிக்கலாமா" என்று தனிக் கேள்வியாகப் படிவத்தில் கேளுங்கள், ஆம் / வேண்டாம் இரண்டுக்கும் கட்டம் வையுங்கள். ஒரே அளவை வைத்துச் சொல்லாமல் இரண்டாவது ரத்தம் எடுத்து உறுதி செய்தபின், பர்ஸில் வைக்கிற அளவுக்கு ஒரு அட்டை கொடுங்கள்: சக்சினைல்கோலின், மிவாகூரியம் கொடுக்கக் கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். கூடப்பிறந்தவர்களுக்கும் சோதனை தேவை என்பதை அவரிடமே சொல்லுங்கள், நீங்களாக அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டாம்.

#16 நாலுபாட்டன்

ஒரு சேர்க்கை. ஊர், கூட்டம், பிறந்த வருடம் மூன்றும் ஒரே கோப்பில் இருந்தால் பெயரை நீக்கியும் பயனில்லை, அந்த ஊர்க்காரர் யாரும் ஆளைச் சொல்லிவிடுவார். பாட்டன் பாட்டி விவரம் உள்ள தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள், பகுப்பாய்வுக் கோப்பில் உறவு அணியின் எண்கள் மட்டும் போதும்.